மானியம் முடிந்த மறுநாள்: ஓக்லாந்து நகரமும் இளைஞர் வன்முறைத் தடுப்பும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு நகரம் பணம் கேட்கும் கதை. தன் ஊர் இளைஞர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதை அந்த நகரம் நிறுத்த வேண்டும். அதற்கு ஆட்கள் வேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் வேண்டும். மாநகராட்சியின் கையில் போதிய பணம் இல்லை. ஆகவே மக்களிடம் வரி கேட்கிறது, மாநில அரசிடம் மானியம் கேட்கிறது, மத்திய அரசுக்கு விண்ணப்பம் எழுதுகிறது, தனியார் அறக்கட்டளைகளின் கதவையும் தட்டுகிறது. கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லாந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் செய்து வருகிறது. அமெரிக்காவின் பல நகரங்களுக்கும் இதே நிலைதான். ஆனால் ஓக்லாந்தில் இந்த முயற்சியின் வெற்றி, சரிவு, மீட்சி மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

நான் சொல்லவிருப்பதன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியைக் கையில் எடுக்கக்கூடிய இளைஞனை மாற்றுவது ஓர் உறவு. அந்த உறவு வேர்பிடிக்க ஆண்டுகள் ஆகும். மானியமோ இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். இந்த இரண்டு கால அளவுகளுக்கும் இடையே உள்ள பள்ளத்தில்தான் உயிர்கள் விழுகின்றன. அந்தப் பள்ளத்தை நிரப்பத் தெரிந்த நகரமே தன் பிள்ளைகளைக் காப்பாற்றும்.

ஊரும் அதன் காயங்களும்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது ஓக்லாந்து. நான்கு லட்சத்துக்கும் சற்றுக் கூடுதலான மக்கள். பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம். தமிழ்நாட்டை வேராகக் கொண்ட சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1964இல் பிறந்தது இங்கேதான். 1966இல் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சி தோன்றியதும் இங்கேதான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டும் தளங்களில் வேலை தேடித் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் திரள்திரளாக வந்தார்கள். போர் முடிந்தது, வேலையும் போயிற்று. அவர்கள் வாழ்ந்த பகுதிகள் ஏற்கெனவே வரைபடத்தில் சிவப்பு மையால் குறிக்கப்பட்டிருந்தன. அந்தக் குறி விழுந்த இடத்தில் வீட்டுக்கடன் கிடைக்காது. பிறகு அவர்களுடைய தெருக்களின் நடுவே நெடுஞ்சாலை வந்தது. 1980களில் கிராக் கொக்கெய்ன் வந்தது, அதன் பின்னாலேயே துப்பாக்கியும் வந்தது. 1992இல் அந்த ஊரில் நடந்த கொலைகள் 160ஐத் தாண்டின.

ஓக்லாந்தில் குன்றுப்பகுதி என்றும் தாழ்பகுதி என்றும் சொல்வார்கள். குன்றின் மேல் வசதி படைத்தோர், கீழே ஏழைகள். மேற்கு ஓக்லாந்தில் பிறக்கும் கறுப்பினக் குழந்தை, குன்றுப்பகுதியில் பிறக்கும் வெள்ளையினக் குழந்தையைவிட ஏறத்தாழ 15 ஆண்டுகள் குறைவாகவே வாழும் என்று அலமேடா மாவட்டப் பொதுச் சுகாதாரத் துறை 2008இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. இரண்டுக்கும் இடையே சில மைல் தூரம்தான். வன்முறைத் தடுப்பு என்று எதைப் பேசினாலும் இந்தப் பின்னணியை மறந்து பேசக் கூடாது. துப்பாக்கி எடுத்தவனின் குற்றத்தை அது துடைத்துவிடாது. ஆனால் அவன் எந்த மண்ணில் வளர்ந்தான் என்பதைச் சொல்லும்.

யார் அந்த இளைஞர்கள்?

மானிய விண்ணப்பங்களில் முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வி இருக்கும்: திட்டத்தின் பயனாளிகள் யார்? பெரும்பாலான நகரங்கள் ‘ஆபத்தான சூழலில் வாழும் இளைஞர்கள்’ என்று எழுதிவிடும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு முழுப் பகுதியின் பிள்ளைகளையும் அந்த ஒரு சொற்றொடருக்குள் அடைத்துவிட்டால், யாரிடம் போய் நிற்பது என்பது தெரியாமல் போகும்.

இந்தக் குழப்பத்தை முதலில் தெளிவுபடுத்திய நகரம் பாஸ்டன். 1990இல் அங்கே 152 கொலைகள் நடந்தன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் கென்னடி, அந்தோணி பிராகா, ஆன் பீல் ஆகியோர் காவல்துறையோடும், தெருவில் இளைஞர்களோடு பழகி வன்முறையைத் தடுக்கும் தெருப்பணியாளர்களோடும் உட்கார்ந்து ஒவ்வொரு கொலையையும் ஆராய்ந்தார்கள். ஊரின் இளைஞர்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவர்கள் அடங்கிய சில குழுக்களே, இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 விழுக்காட்டுக்குக் காரணம் என்பது தெரியவந்தது. 1996இல் ‘ஆபரேஷன் சீஸ்ஃபயர்’, அதாவது போர்நிறுத்தம், என்ற திட்டம் அங்கே பிறந்தது. இளைஞர் கொலைகளின் மாதச் சராசரி 63 விழுக்காடு குறைந்ததாகப் பின்னர் வந்த மதிப்பீடு சொன்னது.

2012இல் ஓக்லாந்து அதே வழியில் நடக்கத் தொடங்கியது. அங்கும் கொலை வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். கண்டது பலரையும் திகைக்கவைத்தது. எந்த ஒரு நேரத்திலும் மிக உயர்ந்த ஆபத்தில் இருந்தவர்கள் சில நூறு பேர்தான். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிச் சிறுவர்கள் அல்லர். 18 வயதைக் கடந்து, முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஆண்கள். பலமுறை கைதானவர்கள். பலர் தாங்களே முன்பு சுடப்பட்டவர்கள், அல்லது அண்ணனையோ நண்பனையோ பறிகொடுத்தவர்கள்.

கொலை செய்யக்கூடியவனும் கொலை செய்யப்படக்கூடியவனும் அநேகமாக ஒரே ஆள்தான் என்பதே இதில் கிடைத்த பெரிய உண்மை. பயமே அவன் கையில் துப்பாக்கியைத் திணிக்கிறது. ஆகவே, பள்ளி மண்டபத்தில் ஐந்நூறு பேரை உட்காரவைத்து அறிவுரை சொல்வதால் இந்தச் சில நூறு பேரை எட்ட முடியாது. அவர்கள் அந்த மண்டபத்தில் இருக்க மாட்டார்கள்.

படுக்கையருகே ஒருவர்

இந்தப் பணி எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

ஓக்லாந்தில் ‘யூத் அலைவ்’ என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. 1994இல் ஹைலேண்ட் மருத்துவமனையில் அது ஒரு முயற்சியைத் தொடங்கியது. அதற்கு விதை போட்டவர், துப்பாக்கிக் குண்டு பட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட ஓர் இளைஞர். தான் மருத்துவமனையில் கிடந்தபோது தன் நிலையை உணர்ந்து பேச ஒருவரும் இல்லை என்பதை அவர் மறக்கவில்லை. மருத்துவர்கள் வந்தார்கள், காவலர்கள் வந்தார்கள், நண்பர்களும் வந்தார்கள். நண்பர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: யார் சுட்டது, எப்போது திருப்பிக் கொடுப்பது? அந்த நேரத்தில் படுக்கையருகே வேறொருவர் இருந்தால் என்ன என்று அவர் யோசித்தார். குண்டடிபட்டு வந்த இளைஞனிடம், அதே தெருவில் வளர்ந்து அதே காயத்தைச் சுமக்கும் ஒருவரை அனுப்பும் வழக்கம் அங்கிருந்து தொடங்கியது. இன்று அமெரிக்காவின் பல மருத்துவமனைகள் இந்த முறையைப் பின்பற்றுகின்றன.

அவர் என்ன பேசுவார்? பழிவாங்காதே என்று எடுத்த எடுப்பில் உபதேசம் செய்ய மாட்டார். வலி எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா, அம்மாவுக்குத் தகவல் போயிற்றா, இங்கிருந்து போனால் எங்கே தங்குவாய் என்று கேட்பார். குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு அரசு தரும் இழப்பீட்டுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார். சுட்டவன் அதே தெருவில் இருந்தால், குடும்பத்தை வேறு இடத்தில் குடிவைக்க வழி தேடுவார். மறுநாளும் வருவார். மருத்துவமனையை விட்டுப் போன பிறகும் தொலைபேசியில் அழைப்பார். பழிவாங்கும் வெறி தணிவது இப்படித்தான்.

சீஸ்ஃபயர் திட்டத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. ஆபத்தின் விளிம்பில் நிற்கும் சிலரை ஒரு பொது இடத்துக்கு அழைப்பார்கள். மேசையைச் சுற்றிப் போதகர்கள், மகனைப் பறிகொடுத்த தாய்மார்கள், சிறை சென்று திரும்பியவர்கள், காவல்துறை அதிகாரிகள், அரசு வழக்கறிஞர் என்று பலரும் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே சொல்லப்படும் செய்தி மூன்று. நீ உயிரோடும் சிறைக்கு வெளியேயும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். அதற்கு உதவி இதோ இருக்கிறது, இன்றே பெற்றுக்கொள். உன் குழு மறுபடியும் சுட்டால் சட்டத்தின் முழுக் கவனமும் உங்கள் மேல் விழும். பரிவும் கண்டிப்பும் ஒரே மேசையில் இருக்கும்.

அதன் பிறகு ‘லைஃப் கோச்’ என்று அழைக்கப்படும் வாழ்க்கை வழிகாட்டி பொறுப்பேற்கிறார். ஒருவரிடம் ஏறத்தாழ ஒரு டஜன் பேரைத்தான் ஒப்படைப்பார்கள். ஓட்டுநர் உரிமம் வாங்கித் தருவது, நீதிமன்றத் தேதியை நினைவூட்டுவது, வேலைக்கான நேர்காணலுக்குக் கூடவே போவது, நள்ளிரவில் அழைத்தாலும் எடுப்பது எல்லாம் இவர் வேலை. அருகிலுள்ள ரிச்மண்ட் நகரம் 2007இல் டிவோன் போகன் தலைமையில் இதற்கென்றே ஓர் அலுவலகம் அமைத்தது. இலக்குகளை எட்டும் இளைஞர்களுக்கு மாத உதவித்தொகையும் கொடுத்தது. குற்றவாளிகளுக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று கண்டனம் எழுந்தது. 2019இல் வெளியான ஆய்வு, அந்தத் திட்டத்துக்குப் பிறகு துப்பாக்கியால் நேர்ந்த மரணங்களும் மருத்துவமனை வருகைகளும் எதிர்பார்க்கப்பட்ட அளவைவிட 55 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிட்டது. ஓக்லாந்து சீஸ்ஃபயரை ஆராய்ந்த பிராகா குழுவினரும் 2019இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள்: துப்பாக்கிக் கொலைகள் 31 விழுக்காடு குறைந்திருந்தன.

பணம் எங்கிருந்து வருகிறது?

2004இல் ஓக்லாந்து மக்கள் ‘மெஷர் ஒய்’ என்ற தீர்மானத்துக்கு வாக்களித்தார்கள். வீட்டு மனைகளின் மேல் ஒரு வரி, வாகன நிறுத்தக் கட்டணத்தின் மேல் ஒரு கூடுதல் வரி. பத்தாண்டுகளுக்கு இந்தப் பணத்தில் ஒரு பகுதி காவல்துறைக்கு, ஒரு பகுதி தீயணைப்புக்கு, ஒரு பகுதி வன்முறைத் தடுப்புக்கு. தங்களுக்குத் தாங்களே வரி விதித்துக்கொண்ட மக்கள் அவர்கள். இது சாதாரணச் செயலன்று. 2014இல் ‘மெஷர் இசட்’ மூலம் அதை நீட்டித்தார்கள். 2024இல் ‘மெஷர் என்என்’ மூலம் மறுபடியும் நீட்டித்தார்கள். 2017இல் வன்முறைத் தடுப்புக்கென்றே தனித்துறை ஒன்றையும் மாநகரம் உருவாக்கியது.

இதிலும் ஒரு முடிச்சு இருந்தது. காவலர் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அந்த வரியை வசூலிக்க முடியாது என்பது மெஷர் ஒய்யின் நிபந்தனை. 2010இல் பட்ஜெட் நெருக்கடியில் 80 காவலர்களை நகரம் வேலையிலிருந்து நீக்கியது. உடனே வரி ஆட்டம் கண்டது, அதோடு தெருப்பணியாளரின் சம்பளமும் ஆட்டம் கண்டது. அந்த நவம்பரில் இன்னொரு வாக்கெடுப்பு நடத்தித்தான் அந்த முடிச்சை அவிழ்க்க முடிந்தது. ஒரு துறையின் நெருக்கடி, அதற்குத் தொடர்பே இல்லாத ஒருவரின் பிழைப்பைப் பறிக்கப் பார்த்ததற்கு இது கண்கூடான சான்று.

மாநில அரசின் மானியம் இன்னொரு வழி. 2007இல் ‘கால்கிரிப்’ என்ற பெயரில் தொடங்கிய திட்டம் 2017இல் ‘கால்விப்’ ஆயிற்று. நகரங்கள் போட்டி போட்டு விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கும் பணத்தில் குறைந்தது பாதியையாவது சமூக அமைப்புகளுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது இதன் நல்ல விதி. 2024 ஜூலை முதல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் கலிபோர்னியா 11 விழுக்காடு வரி விதிக்கிறது. அந்த வரியிலிருந்து இந்த மானியத்துக்கு முதல் ஒதுக்கீடு போகிறது. காயப்படுத்தும் பொருளிலிருந்தே மருந்துக்கான பணத்தை எடுக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

மூன்றாவது, மத்திய அரசு. 2022இல் நிறைவேறிய பாதுகாப்பான சமூகங்களுக்கான இருகட்சிச் சட்டம், சமூக அளவிலான வன்முறைத் தடுப்புக்கு ஐந்தாண்டுகளில் 25 கோடி டாலர் ஒதுக்கியது.

மானியம் கிடைத்த பிறகு என்ன நடக்கும் என்பதை நம் ஊர்த் தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். பல மானியங்களில் பணம் முன்கூட்டி வராது. முதலில் நீங்கள் செலவு செய்ய வேண்டும், ரசீதுகளை அனுப்ப வேண்டும், பிறகு அவர்கள் திருப்பித் தருவார்கள். பெரிய பல்கலைக்கழகத்தால் இதைத் தாங்க முடியும். தேவாலயத்தின் பின்கட்டில் இரண்டு மேசை போட்டு நடக்கும் அமைப்பால் மூன்று மாதச் சம்பளத்தைக் கைப்பணமாகப் போட முடியுமா? தெருவில் செல்வாக்கு உள்ள அமைப்புக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாது. விண்ணப்பம் எழுதத் தெரிந்த அமைப்புக்குத் தெருவைத் தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிறையிலிருந்து திரும்பிய ஒருவரே இந்தப் பணிக்கு மிகப் பொருத்தமானவர். அந்த இளைஞன் அவர் சொல்வதைத்தான் கேட்பான். ஆனால் அரசுப் பணத்தில் ஆள் எடுக்கும்போது பழைய குற்றப் பதிவைக் காட்டி அவரைத் தள்ளிவைக்கும் விதிகள் பல இடங்களில் இருக்கின்றன. எந்தத் தகுதிக்காக அவர் தேவைப்படுகிறாரோ அதுவே அவருக்குத் தகுதியின்மையாகிவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே, காலாண்டு அறிக்கை. எத்தனை பேருக்குச் சேவை செய்தீர்கள் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். பன்னிரண்டு பேர் என்று எழுதினால் கேட்பவருக்குக் குறைவாகத் தோன்றும், ஐந்நூறு என்றால் நிறைவாகத் தோன்றும். இப்படித்தான் எண்ணிக்கைக்காகத் திட்டங்கள் கடினமான பன்னிரண்டு பேரை விட்டு, சுலபமான ஐந்நூறு பேரிடம் நகர்ந்துவிடுகின்றன.

நல்லெண்ணத்தையும் அளந்து பார்க்க வேண்டும்

அப்படியானால் கணக்கே கேட்கக் கூடாதா? கட்டாயம் கேட்க வேண்டும். இதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டைச் சமூகப்பணி பயிலும் மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

1939இல் பாஸ்டனுக்கு அருகே கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஆகிய ஊர்களில் ரிச்சர்டு கேபட் என்ற மருத்துவர் ஒரு முயற்சியைத் தொடங்கினார். 506 சிறுவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆலோசகர்கள், மருத்துவ உதவி, பாடத்தில் உதவி, கோடை முகாம். மறு பாதிக்கு எதுவும் இல்லை. ஜோன் மெக்கார்டு என்ற அறிஞர் முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப்பிடித்து 1978இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் பலர் அந்த உதவியை நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். ஆனால் பல அளவுகோல்களில் அவர்கள் நிலை, உதவி பெறாதவர்களின் நிலையைவிட மோசமாக இருந்தது. அன்போடு செய்த காரியமும் தீங்கில் முடியலாம் என்பதை அந்த ஆய்வு காட்டியது. சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துப் போய்க் கைதிகளை விட்டு மிரட்டவைக்கும் திட்டங்கள் பல ஊர்களில் கைதட்டல் வாங்கின. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவை குற்றத்தைக் கூட்டியதே தெரிந்தது.

சரியாக அளந்து, பயன் உண்டு என்று தெரிந்த முயற்சிகளும் இருக்கின்றன. சிகாகோவில் ‘பிகமிங் எ மேன்’ என்றொரு திட்டம், பள்ளி மாணவர்களுக்கானது. அதில் ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். மாணவர்களை இருவர் இருவராக நிறுத்துவார்கள். ஒருவன் கையில் ஒரு பந்து. முப்பது விநாடிக்குள் அதை வாங்கிக்காட்டு என்று மற்றவனிடம் சொல்வார்கள். உடனே கையை முறுக்குவான், விரலைப் பிரிப்பான், கட்டிப்புரள்வான். நேரம் முடிந்ததும் வழிநடத்துபவர் கேட்பார்: “பந்தைக் கொடு என்று நீ ஏன் கேட்கவில்லை?” கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டான் என்பான். உடனே எதிரே நிற்பவனிடம் திரும்பி, “கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா?” என்பார். “கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே” என்று பதில் வரும். நினைத்துப் பார்க்க ஒரு கணம் எடுத்துக்கொள் என்பதுதான் பாடம். இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதானது, திட்டம் நடந்த காலத்தில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு அதைக் காட்டியது.

அதே சிகாகோவில் 1,634 மாணவர்களிடையே குலுக்கல் முறையில் சிலருக்கு எட்டு வாரக் கோடைக்கால வேலை கொடுத்துப் பார்த்தார்கள். சாரா ஹெல்லர் அதன் முடிவை 2014இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். வேலை பெற்றவர்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதானது 16 மாதங்களில் 43 விழுக்காடு குறைந்திருந்தது. கடினமான அந்தச் சில நூறு பேருக்கு வழிகாட்டியும், வரிசையில் அடுத்து நிற்கும் தம்பிகளுக்கு வேலையும் நிதானமும் வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் போட்டு எடைபோடக் கூடாது.

கைவிட்ட போதெல்லாம்

பயன் உண்டு என்று தெரிந்த பின்னும் நகரங்கள் இவற்றைக் கைவிட்டிருக்கின்றன. நெஞ்சை அடைக்கும் பகுதி இதுதான்.

பாஸ்டன் சீஸ்ஃபயர் 2000ஆம் ஆண்டளவில் நின்றுபோனது. ஆட்கள் மாறினார்கள், கவனம் வேறு பக்கம் போயிற்று. 1999இல் 31ஆக இருந்த கொலைகள் 2001இல் 60ஐத் தாண்டின. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் சில ஆண்டுகள் கழித்து அதே நகரம் அதே திட்டத்தை மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. சிகாகோவில் தொற்றுநோய் மருத்துவர் கேரி ஸ்லட்கின், தெருப்பணியாளர்களைக் கொண்டு வன்முறையைத் தடுக்க 2000இல் தொடங்கிய முயற்சிக்கு 2007இல் மாநில ஆளுநர் நிதியை வெட்டினார். பல பகுதிகளில் தெருப்பணியாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஓக்லாந்தில் 2012இல் 120ஐத் தாண்டியிருந்த கொலைகள் 2018இல் 70ஐ ஒட்டி இறங்கியிருந்தன. பிறகு பெருந்தொற்று வந்தது. நேரில் கூடும் கூட்டங்கள் நின்றன. தலைமையும் ஆர்வமும் தளர்ந்தன. 2021இல் எண்ணிக்கை மீண்டும் 120ஐத் தாண்டியது. நகரம் தன் சொந்தத் திட்டத்தின் அடிப்படைகளிலிருந்து விலகிவிட்டதாகப் பின்னர் நடந்த தணிக்கை சுட்டிக்காட்டியது. 2024இல் அதை மறுபடியும் தூக்கி நிறுத்தினார்கள். கொலைகள் மறுபடியும் குறைந்தன.

மூச்சு விடுவதற்குள் அடுத்த அடி. 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் நாடெங்கும் 360க்கும் மேற்பட்ட மானியங்களை நடுவழியில் ரத்து செய்தது. மதிப்பு சுமார் 81 கோடி டாலர். துறையின் முன்னுரிமைகளுக்கு இவை பொருந்தவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். நான் முன்பு சொன்ன, மருத்துவமனைப் படுக்கையருகே ஆள் அனுப்பும் யூத் அலைவும் அதில் அடிபட்டது.

இப்போது அந்த இளைஞனின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். அப்பா பாதியில் போய்விட்டார். பள்ளி பாதியில் போயிற்று. அண்ணன் சுடப்பட்டுப் போய்விட்டான். கடைசியாக ஒருவர் வந்து, நான் உன்னோடு இருப்பேன் என்றார். அவரும் ஒரு வெள்ளிக்கிழமை, நிதி முடிந்துவிட்டது தம்பி என்று சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்து வருபவரை அவன் ஏன் நம்ப வேண்டும்? தொடங்கி நிறுத்திய திட்டம், தொடங்கப்படாத திட்டத்தைவிடக் கூடுதலாகக் காயப்படுத்தும். நம்பிக்கையை ஒருமுறை செலவழித்துவிட்டால், அதைத் திரும்பப் பெற எந்த மானியத்திலும் தலைப்பு இல்லை.

நிலைநிற்கும் ஏற்பாடு

நம் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு விட்ட கொடைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு விளக்கு எந்நாளும் எரிவதற்கு 96 ஆடுகளை விடுவார்கள். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், ஆடு மூப்படையும். ஆனால் குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் காப்பது அவர் பொறுப்பு. அதனால்தான் அந்தக் கொடையைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். கொடுத்தவர் நெய்யை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. நெய் வந்துகொண்டே இருக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவியவர்களும் முதலைத் தொடாமல் வட்டியில் இதை நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். பணி தொடர வேண்டும் என்று மெய்யாக எண்ணுபவர்கள் செய்யும் காரியம் இது.

வன்முறைத் தடுப்புக்குப் பணம் தேடும் நகரமும் அப்படித்தான் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தெருப்பணியாளர், வழிகாட்டி, மருத்துவமனைப் பணியாளர் ஆகியோரின் சம்பளம் நகரத்தின் சொந்த வருவாயிலிருந்து வர வேண்டும். தீயணைப்பு வீரரின் சம்பளத்துக்கு எந்த நகரமும் மூன்றாண்டு மானியத்தை நம்பியிருப்பதில்லை. தீ எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று தெரியும், ஆகவே நிரந்தரப் பணியாளர்கள் இருக்கிறார்கள். குண்டுக்கும் அதே நியாயம்தான். ஓக்லாந்து மக்கள் மூன்று முறை வரிக்குக் கை தூக்கியதால்தான், மத்திய அரசு கைவிரித்தபோதும் அந்த நகரத்தின் பணி முற்றிலும் சாய்ந்துவிடவில்லை.

மானியத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதிய முறையைச் சோதிக்க, பணியாளருக்குப் பயிற்சி தர, பலனை நேர்மையாக அளக்க, நெருக்கடி ஆண்டில் கூடுதல் ஆள் போட மானியம் மிகவும் உதவும். கட்டடத்துக்குச் சாரம் கட்டலாம், சாரத்தின் மேல் கூரை போடக் கூடாது.

விண்ணப்பம் எழுதும் மேசையில் நாளை நீங்களும் உட்காருவீர்கள். அப்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தத் திட்டம் தேடிப்போகும் ஆட்கள் யார், எந்தத் தெரு, எந்தக் குழு? அவர்களிடம் போகிறவருக்கு அந்தத் தெருவில் மதிப்பு உண்டா, அவருக்குக் குடும்பம் நடத்தும் அளவுக்குச் சம்பளம் உண்டா? சிறு அமைப்புகளுக்கு முன்பணம் கிடைக்குமா, அல்லது கடன் வாங்கி நடத்த வேண்டுமா? மானியம் முடிந்த மறுநாள் யார் பணம் தருவார்கள்? நான்காவது கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லையென்றால், அந்த விண்ணப்பம் இன்னும் முடியவில்லை.

தொலைதூர நாட்டுக் கதை இது என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 1990களில் கனடாவின் டொராண்டோ நகரத்திலும் ஸ்கார்பரோவிலும் போரிலிருந்து தப்பிச் சென்ற ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் குழுக்களாகப் பிரிந்து ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டார்கள். உயிர்கள் போயின. போரின் காயம், இரண்டு மூன்று வேலை பார்த்த பெற்றோர், பள்ளியில் அந்நியம் எல்லாம் அதன் பின்னால் இருந்தன. அப்போது தமிழ் இளைஞர்களே ஒன்றுகூடி இளைஞர் மேம்பாட்டுக்கான அமைப்பை உருவாக்கினார்கள், தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், பள்ளிகளோடு பேசினார்கள். சமூகம் தன் பிள்ளைகளை அந்நியர் கையில் விட்டுவிட்டு ஒதுங்காதபோது நிலைமை மாறும் என்பதை நம்மவர்களும் கண்டிருக்கிறார்கள்.

மாணவர்களே, நீங்கள் படித்து முடித்துப் போகும் வேலைகளில் பல இரண்டாண்டு, மூன்றாண்டு ஒப்பந்தங்களாகவே இருக்கும். அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். ஆனால் அந்த ஒப்பந்தமே இயல்பு என்று ஏற்றுக்கொண்டும் விடாதீர்கள். நீங்கள் சேரும் நிறுவனத்தில், பேசும் மாமன்றத்தில், எழுதும் அறிக்கையில் நிரந்தர ஒதுக்கீட்டைக் கேளுங்கள். ஒரு பிள்ளையிடம் உடன் இருப்பேன் என்று சொல்வதற்கு முன்னால், அந்தச் சொல்லைக் காப்பாற்றும் பணத்தை உறுதி செய்வதும் சமூகப்பணியாளரின் கடமைதான். வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கென்று ஒரு வரி ஏறும்வரை, ஆண்டுதோறும், சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருங்கள்.